ஏலத்துல 2,100... வாசல்ல 8,244!

வெளிநாட்டு ஏலத் தளங்கள்ல சாமான் வாங்குற நம்ம மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "எவ்வளவுக்கு முடிஞ்சுது?"ன்னு கேட்டா ஏலம் முடிஞ்ச விலையை மட்டும்தான் சொல்லுவாங்க. "வெறும் 21 பவுண்டு மச்சி!" அப்படின்னு ஒரு பெருமை வேற. கல்யாணத்துக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டா தாலி வாங்கின காசை மட்டும் சொல்ற மாதிரி இது. பந்தல், சமையல், மேளம், மண்டப வாடகை, கரண்ட்டு பில்லு, கடைசியில பாத்திரம் கழுவினவங்களுக்கு தனியா... இதெல்லாம் யாரு அப்பு கணக்குல சேர்க்கிறது?

இதை சும்மா சொல்லலை. 2023ல ஒரே ஒரு இசைத்தட்டை இங்கிலாந்துல இருந்து சென்னைக்குக் கொண்டுவந்தேன். அதோட கணக்கு வரி வரியா என்கிட்ட இருக்கு. தொழில் பொட்டி தட்டுறது. எக்செல் ஷீட்டு போடாம டீக்கடைக்குக் கூட போக மாட்டோம் :-) ஏலம் கேக்குறதுக்கு முன்னாடியே ஷீட்டு போட்டு, 5,474 ரூபாய் ஆகும்னு எழுதி வெச்சிருந்தேன். வந்து சேர்ந்தப்போ 8,244. நடுவுல இருக்குற 2,770 ரூபாய் எங்கே இருந்து முளைச்சதுங்குறதுதான் இந்தக் கதை. அதுல ஒரு பைசா கூட, விற்கிறவர் காட்டின விலையிலயோ சுங்க வரி அட்டவணையிலயோ இருந்தது இல்லை.

முதல்ல, ஏன் இந்த இசைத்தட்டு?

எங்க தாத்தா தவில் வித்வான். மன்னார்குடி பக்கம். பெரிய பேரெல்லாம் கிடையாது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு பொழப்பு ஓடிச்சு. ஒரு தடவை ஒரு நாதஸ்வர வித்வானோட மெட்ராஸ் போய் 78 சுத்து தட்டு ஒண்ணுல வாசிச்சிருக்கார். லேபிள்ல வித்வான் பேரு இருக்கும், அதுக்குக் கீழ "பார்ட்டி"ன்னு இருக்கும். அந்தப் பார்ட்டியில ஒருத்தர்தான் எங்க தாத்தா. வீட்டுல இருந்த ஒரே தட்டு, ஒரு தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. அப்ப அப்பாவுக்கு எட்டு வயசு. தாத்தா நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அவரோட வேற எந்தப் பதிவும் கிடையாது. டேப்பு கிடையாது, வீடியோ கிடையாது. ஒரு போட்டோ இருக்கு, அதுலயும் தவில் உறை போட்டு இருக்கு.

மூணு வருஷம் தேடினேன். சென்னையில சேகரிக்கிறவங்க, காரைக்குடி பழைய சாமான் கடைங்க, எங்கேயும் கிடைக்கலை. கடைசியில இங்கிலாந்துல ஒரு பெரியவர் ஏலத்துக்குப் போட்டிருந்தார். போட்டோவுல லேபிள் பளிச்சுன்னு தெரியுது. ஆரம்ப விலை 5 பவுண்டு. 21 பவுண்டுல எனக்கு முடிஞ்சுது. அப்ப பவுண்டு 100 ரூபாய் சொச்சம். கணக்கு சுலபமா இருக்க, இனிமே எல்லா இடத்துலயும் 100னே வெச்சுக்கறேன். ஆக, 2,100 ரூபாய்.

காத்துக்கு வாடகை

விற்கிறவர் முன்னாடியே சொன்ன அனுப்பும் செலவு 24 பவுண்டு. ஒன்றரை கிலோ கணக்கு. தட்டு கால் கிலோ கூட வராது, மிச்சம் பொட்டலம். நியாயமாத்தான் பட்டுது.

ஏலம் முடிஞ்ச மூணாம் நாள் அவர்கிட்ட இருந்து மடல். ரொம்ப மரியாதையா எழுதியிருந்தார். 78 தட்டு அரக்குல செஞ்சது, வினைல் மாதிரி வளையாது, கீழ விழுந்தா அப்பளம் மாதிரி உடையும். அதனால தட்டை ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வெச்சு, சுத்தி நுரை போட்டு, பெட்டிக்குள்ள பெட்டியா கட்டியிருக்கார். 36 செ.மீ. நீளம், 36 அகலம், 12 உயரம். எடை 1.4 கிலோதான். ஆனா கூரியர்காரங்க 3.5 கிலோவுக்கு 37 பவுண்டு கேக்குறாங்க. "மிச்சம் 13 பவுண்டு குடுத்தா அனுப்பறேன். இல்லைன்னா ரத்து பண்ணிடலாம், எனக்கு வருத்தமில்லை"ன்னு முடிச்சிருந்தார்.

இந்த 3.5 கிலோ எங்கே இருந்து வந்துச்சு? விமானத்துல எடையும் இடம், இடமும் எடை. பஞ்சு மூட்டையை ஏத்தினா எடை கம்மி, ஆனா இடத்தை அடைச்சுக்கும். அதனால பெரிய கூரியர் கம்பெனிங்க எல்லாம் நீளம் × அகலம் × உயரத்தை செ.மீ.ல பெருக்கி, 5,000ஆல வகுத்து, வர்ற எண்ணை கிலோன்னு எடுத்துப்பாங்க. நிஜ எடை, இந்தக் கணக்கு எடை ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். 36 × 36 × 12 = 15,552. வகுத்தா 3.11. அதை அரை கிலோவுக்கு மேல ஏத்தி முழுசாக்கினா 3.5. ஆக நான் 1.4 கிலோ பொட்டலத்துக்கும், கூடவே ரெண்டு கிலோ சொச்சம் காத்துக்கும் சேர்த்து காசு குடுக்கணும்.

வேடிக்கை என்னன்னா, அவர் அக்கறையா கட்டினதாலதான் செலவு ஏறிச்சு. ஏனோதானோன்னு ஒரு உறையில போட்டிருந்தா 24லயே முடிஞ்சிருக்கும். அப்பாவுக்கு போன் போட்டு ரெண்டையும் சொன்னேன். சின்னப் பெட்டின்னா 1,300 ரூபாய் மிச்சம், ஆனா உடையலாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏற்கனவே ஒரு தடவை உடைஞ்சதைப் பாத்திருக்கேன். பெரிய பெட்டியிலயே வரட்டும்"னார். அதோட அந்த விவாதம் முடிஞ்சுது.

முன்னெல்லாம் இதுக்கு இன்னொரு வழி இருந்துச்சு. கப்பல் தபால். ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆனா மலிவு. எங்க ஆபீஸ் சீனியர் ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தப்போ புத்தகங்களை அப்படித்தான் அனுப்புவாராம். அமெரிக்க அஞ்சல் துறை 2007 மே மாசம் வெளிநாட்டுக்கான கடல் வழித் தபாலை நிறுத்திடுச்சு. அவசரமே இல்லாதவனும் அங்கே இருந்து விமானத்துலதான் வாங்கியாகணும்.

இன்னொண்ணு, விற்கிறவங்க எல்லாரும் நம்ம பெரியவர் மாதிரி இருக்க மாட்டாங்க. சாமான் விலை ஒரு டாலர், அனுப்பும் செலவு 25 டாலர்னு போடுற ஆட்கள் அந்தக் காலத்துல நிறைய. விற்ற விலையில மட்டும்தான் தளம் கமிஷன் எடுக்கும், அனுப்பும் செலவுல எடுக்காதுங்குறதால அந்த வித்தை. ஈபே 2011ல அமெரிக்காவுல அனுப்பும் செலவுக்கும் சேர்த்துக் கமிஷன் எடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் அது கொஞ்சம் அடங்கிச்சு. இப்பவும் சாமான் விலையை மட்டும் பார்த்து வாயைப் பொளக்கக் கூடாது.

"கிஃப்ட்டுன்னு எழுதவா?"

அதே மடல்ல பெரியவர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். "வேணும்னா அன்பளிப்பு, 5 பவுண்டுன்னு படிவத்துல எழுதறேன், பல பேர் அப்படித்தான் கேப்பாங்க." வேண்டாம்னு சொல்லிட்டேன். யோக்கியன் வேஷம் போடலை மக்களே, கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

ஒண்ணு, அந்த வித்தை இந்தியாவுல செல்லாது. முன்னாடி 5,000 ரூபாய் வரைக்கும் அன்பளிப்புக்கு வரி கிடையாதுன்னு ஒரு சலுகை இருந்துச்சு. வெளிநாட்டுத் தளங்கள் ஒவ்வொரு பொட்டலத்தையும் "அன்பளிப்பு"ன்னு ஒட்டி அனுப்ப ஆரம்பிச்சதும், 2019 டிசம்பர்ல அரசாங்கம் அதை மூடிடுச்சு. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும்தான் விலக்கு. மத்த அன்பளிப்புக்கெல்லாம் முழு வரி கட்டணும். தாத்தா தவிலை ராக்கின்னு சொல்ல முடியாது இல்லையா?

ரெண்டு, படிவத்துல 5 பவுண்டுன்னு எழுதினா, உடைஞ்சு வந்தா 5 பவுண்டுதான் திரும்பி வரும். உடையிற சாமானுக்கு விலையைக் குறைச்சுக் காட்டுறது, ஹெல்மெட்டை வீட்டுல வெச்சுட்டு வண்டி ஓட்டுற மாதிரி.

முதலெழுத்துப் பிரச்சினை

பொட்டலம் சென்னை வந்துடுச்சுன்னு குறுஞ்செய்தி வந்துச்சு. கூடவே, "உங்க அடையாள ஆவணம் வேணும்." சரின்னு ஆதார் அனுப்பினேன். மறுநாள் பதில்: "பெயர் பொருந்தவில்லை."

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. எனக்கு குடும்பப் பேரு கிடையாது. அப்பா பேரோட முதலெழுத்துதான். ஆதார்ல அந்த ஒரே எழுத்து. ஆனா ஏலத் தளத்தோட படிவம் குடும்பப் பேரு கட்டத்துல ஒரே எழுத்தை ஏத்துக்காது, ரெண்டு எழுத்தாவது வேணும்னு அடம் பிடிக்கும். அதனால அங்கே அப்பா பேரை முழுசா கொடுத்தாகணும். பெட்டி மேல ஒட்டினதும் அதுதான். ஆக, பெட்டியில இருக்குறவரும் ஆதார்ல இருக்குறவரும் கூரியர் கம்பெனிக் கணக்குல வேற வேற ஆளு.

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டா, "சார், லாஸ்ட் நேம் மிஸ்மேட்ச் ஆகுது சார்"ங்குறார். "அது லாஸ்ட் நேம் இல்லைங்க, எங்கப்பா பேரு"ங்குறேன். "ஓகே சார், அப்ப உங்க லாஸ்ட் நேம் என்ன சார்?" கண்ணைக் கட்டிருச்சு! கடைசியில பாஸ்போர்ட் நகல் அனுப்பினேன், அதுல அப்பா பேரு முழுசா இருக்கு. நடுவுல ஒரு சனி ஞாயிறு. அவங்க குடோன்ல இலவசமா வெச்சிருக்குற நாள் தாண்டி ரெண்டு நாள் ஆயிடுச்சாம். நாளுக்கு 175 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் 413. ரெண்டு படிவமும் ஒத்துப்போகாததுக்கு நான் குடோன் வாடகை கட்டினேன்.

நான் பயந்தது வரிக்கு, ஆனா...

இப்ப வரி. உண்மையில இதுக்குத்தான் நான் ரொம்ப பயந்தேன். எல்லாரும் திட்டுறதும் இதைத்தான்.

இந்தியாவுல சுங்கவரி சாமான் விலைக்கு மட்டும் கிடையாது. விலை, வண்டிக் கூலி, காப்பீடு மூணையும் கூட்டின மதிப்புக்கு. அப்படின்னா 37 பவுண்டு கூலிக்கும் சேர்த்து வரியான்னா, இல்லை. விமானத்துல வர்ற சாமானுக்கு, நிஜக் கூலி எவ்வளவு ஆனாலும், சாமான் விலையில 20 சதவீதத்துக்கு மேல மதிப்புல சேர்க்கக் கூடாதுன்னு 2007ஆம் வருஷத்து சுங்க மதிப்பீட்டு விதிகள்லயே இருக்கு. காப்பீடு எவ்வளவுன்னு தெரியலைன்னா 1.125 சதவீதம். என் ரசீதுல அப்படியே போட்டிருந்தாங்க.

சாமான் 2,100. கூலி 420. காப்பீடு 24. மொத்த மதிப்பு 2,544. இதுல அடிப்படை சுங்கவரி 10 சதவீதம், 254. அந்த வரி மேல 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி, 25. இது 2018 பட்ஜெட்ல வந்தது. அப்புறம் மதிப்பு, வரி, கூடுதல் வரி எல்லாத்தையும் கூட்டி அது மேல ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 508. அதாவது வரி மேல வரி, அது மேல இன்னொரு வரி, மாடி வீடு கட்டுற மாதிரி. மொத்தம் 788 ரூபாய். மதிப்புல 30.98 சதவீதம். (இந்த விகிதம் சாமானுக்கு சாமான் மாறும், பட்ஜெட்டுக்கு பட்ஜெட்டும் மாறும். என்னோடதை அப்படியே எடுத்துக்காதீங்க.)

என் ஷீட்டுலயும் 788தான் இருந்துச்சு. ஒரு ரூபாய் கூட வித்தியாசமில்லை. மொத்தச் செலவுல எனக்கு அதிர்ச்சியே குடுக்காத ஒரே வரி, அரசாங்கத்தோட வரிதான்! விதி வெளியில எழுதி இருக்கு, படிச்சவன் கணக்குப் போட்டுக்கலாம். நம்பவே முடியலை இல்ல?

ஒரு விஷயம் மட்டும் உறுத்திச்சு. அந்தத் தட்டு கல்கத்தா டம் டம்ல அச்சானது. கிராமபோன் கம்பெனியோட தொழிற்சாலை அங்கே 1928ல வந்துச்சு. தட்டு செய்யுற அரக்கு நம்ம நாட்டு மரங்கள்ல பூச்சி கட்டுறது. மத்த நாடுகள்ல 78 தட்டை மூட்டை கட்டின பிறகும் 1960கள்ல இந்தியாவுல அச்சடிச்சுக்கிட்டு இருந்தாங்க, பீட்டில்ஸ் பாட்டு கூட இங்கே 78ல வந்திருக்கு. ஆக, நம்ம ஊரு அரக்கு, நம்ம ஊரு தொழிற்சாலை, வாசிச்சவர் எங்க தாத்தா. யாரோ ஒரு குடும்பம் எப்பவோ பெட்டியில வெச்சு இங்கிலாந்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கணும். அது திரும்பி வீட்டுக்கு வர்றதுக்கு இறக்குமதி வரியான்னு கேட்டா, ஆமா. 1962ஆம் வருஷத்து சுங்கச் சட்டத்தோட 20ஆவது பிரிவே இதைத்தான் சொல்லுது. இங்கே இருந்து போன சாமானும் திரும்பி வந்தா, அதே மாதிரி வெளிநாட்டுச் சாமானுக்கு உண்டான வரி அதுக்கும் உண்டு. எங்கே பொறந்ததுன்னு சட்டம் கேக்குறதில்லை, எல்லையைத் தாண்டுச்சான்னுதான் கேக்குது.

வரி கட்டினதுக்குக் கூலி

கூரியர்காரர் பெட்டியோட வாசலுக்கு வந்து நீட்டின பில்லுல 788க்கு மேல இன்னும் சில வரிங்க இருந்துச்சு.

சுங்கத்துல சாமானை எடுக்கறதுக்கு கம்பெனி தன் கையில இருந்து வரியைக் கட்டிடுது. அப்படி முன்பணம் போட்டதுக்கு ஒரு கட்டணம். வரித் தொகையில 2 சதவீதம் அல்லது 600 ரூபாய், எது அதிகமோ அது. 788ல 2 சதவீதம் 16 ரூபாய் கூட வராது. அதனால 600. ஜி.எஸ்.டி. சேர்த்து 708. அதாவது 788 ரூபாயை சில நாள் கடன் குடுத்ததுக்கு 708 ரூபாய் கூலி! கந்துவட்டிக்காரன் கேட்டா கண்ணீர் விடுவான். இது போக, பத்திர வேலைக்கு தனியா 250, ஜி.எஸ்.டி. சேர்த்து 295. ரெண்டும் சேர்ந்து 1,003. வரியை விட அதிகம்.

இந்தக் கட்டணம் ரெண்டும் எனக்கு முன்னாடி யாரும் சொல்லாதது. அனுப்பறவர் பில்லுல வராது, தளத்துலயும் வராது. நான் அந்தக் கம்பெனியோட வாடிக்கையாளரே கிடையாது, அனுப்பறவர்தான் வாடிக்கையாளர். விலைப் பட்டியலை அவங்களுக்குக் காட்டுவாங்க, பில்லை நமக்கு நீட்டுவாங்க. அதுலதான் சூட்சுமம்.

கவனிச்சீங்கன்னா, அடி விழுறது சின்ன சாமானுக்குத்தான். அந்தக் கம்பெனிக் கணக்குப்படி வரி 30,000 ஆகுற வரைக்கும் அதே 600தான். லட்ச ரூபாய் கேமரா வாங்குறவனுக்கு அது தூசி. 2,100 ரூபாய் தட்டு வாங்குறவனுக்கு அது மூணுல ஒரு பங்கு.

கடைசியா பேங்க். வெளிநாட்டுப் பணத்துல கார்டு தேய்ச்சதுக்கு 3.5 சதவீதம், அது மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 5,800 ரூபாய்க்கு 240.

மொத்தக் கணக்கு

ஏலம்: 2,100
அனுப்பும் செலவு: 3,700
கார்டு கட்டணம்: 240
சுங்க வரி எல்லாம் சேர்த்து: 788
முன்பணக் கூலி: 708
பத்திர வேலை: 295
குடோன் வாடகை: 413
ஆக மொத்தம்: 8,244

ஏல விலையைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. சுங்க வரி அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்லை. ஆனா யாரைக் கேட்டாலும் "கஸ்டம்ஸ்ல தீட்டிட்டாங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. ஜெர்மனியில இருக்குற கல்லூரி நண்பன் ஒருத்தன் இதே பாட்டைத்தான் பாடுறான். ஐரோப்பிய ஒன்றியத்துல 22 யூரோ வரைக்கும் வர்ற பொட்டலத்துக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாதுன்னு இருந்துச்சு. 2021 ஜூலை 1ல அதை எடுத்துட்டாங்க. அவன் 10 யூரோவுக்கு ஒரு சாமான் வாங்கினான். 19 சதவீத வரி 1.90 யூரோ. தளம் அதை முன்கூட்டியே வசூலிக்காததால, தபால்காரங்க அவனுக்காகக் கட்டிட்டு, கட்டினதுக்கு 6 யூரோ போட்டாங்க. வரியைப் போல மூணு மடங்கு கூலி. நம்ம கதையேதான், நாணயம் மட்டும் வேற.

அமெரிக்காவுல ரொம்ப நாளா இந்தத் தொல்லை இல்லை. 2016ல இருந்து 800 டாலர் வரைக்கும் வரியில்லாம உள்ளே விட்டாங்க. 2025 மே 2ல சீனா, ஹாங்காங் சாமானுக்கு அது நின்னுச்சு. ஆகஸ்ட் 29ல மத்த எல்லா நாட்டுக்கும் நின்னுச்சு. வரியை யாரு, எப்படி வசூலிக்கிறதுன்னு தெளிவில்லாம, ஆகஸ்ட் 25ல இருந்து இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை வாங்குறதையே நிறுத்தி, அக்டோபர்லதான் திரும்ப ஆரம்பிச்சுது. ஒரு நாட்டுல ஒரு விதியை மாத்தினா, இங்கே ஒரு தபால் நிலைய ஜன்னல் மூடுது.

ஏலம் கேக்குறதுக்கு முன்னாடி

நீங்க வாங்குறதா இருந்தா நாலு விஷயம். பெட்டி கட்டின பிறகு என்ன நீள அகல உயரம் வரும்னு விற்கிறவர்கிட்ட கேளுங்க, எடையை மட்டும் கேட்டா பத்தாது. எந்தக் கூரியர்னு கேட்டு, அந்தக் கம்பெனியோட இந்தியக் கட்டணப் பட்டியல்ல முன்பணக் கட்டணம், குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு தேடிப் பாருங்க. அவசரமும் இல்லை, உடையிற சாமானும் இல்லைன்னா அரசாங்கத் தபாலே போதும், வரியை தபால்காரர் வீட்டுல வந்து வாங்கிப்பார், இந்தக் கூலியெல்லாம் இவ்வளவு நீளாது. பெட்டியில எழுதுற பேரு உங்க ஏதாவது ஒரு அடையாள அட்டையில அப்படியே இருக்கணும், முக்கியமா முதலெழுத்துக்காரங்களுக்கு.

அப்புறம் கணக்கை பின்னால இருந்து போடுங்க. "வாசல்ல வந்து நிக்கும்போது இதுக்கு எவ்வளவு குடுப்பேன்?"னு முதல்ல முடிவு பண்ணி, மத்த செலவையெல்லாம் கழிச்சா மிச்சம் வர்றதுதான் நீங்க கேக்கலாம்கிற ஏலத் தொகை. பல சாமானுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழ போகும். அதெல்லாம் விட்டுடுங்க. நான் அதுக்கப்புறம் பதினோரு ஏலத்தைப் பார்த்து, பதினொண்ணையும் விட்டிருக்கேன்.

இந்தத் தட்டுக்கு 8,244ன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேனா? குடுத்திருப்பேன். ஆனா தெரிஞ்சு குடுக்குறதும், துண்டு துண்டா பிடுங்கிக்கறதும் ஒண்ணு இல்லை.

தட்டு உடையாம வந்துச்சு. 78 ஓட்டுற ஊசி என்கிட்ட இல்லாததால, திருவல்லிக்கேணியில ஒரு சேகரிப்பாளர் தன் வீட்டுல ஓட்டிப் பதிவு பண்ணிக் குடுத்தார், காசு வாங்கலை. ஒரு பக்கம் மூணேகால் நிமிஷம். முக்கால்வாசி நாதஸ்வரம்தான். கடைசி அரை நிமிஷத்துல நாதஸ்வரம் ஒதுங்கிக்க, தவில் ஒரு தீர்மானம் வைக்கும். மன்னார்குடியில இருக்குற அத்தைக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு போன் பண்ணினேன். கேட்டுக்கிட்டே இருந்தவங்க அந்த இடம் வந்ததும், "இரு இரு, திரும்பப் போடு"ன்னாங்க. போட்டேன். போன்ல அத்தை தொடையில தாளம் தட்டுற சத்தம் கேட்டுது. மூணு தடவை போட்டோம்.

அன்னைக்கு ராத்திரியே சித்தப்பா பசங்களுக்கும் அனுப்பினேன். ஒருத்தன் டொராண்டோ, ஒருத்தி சிங்கப்பூர். அஞ்சு எம்.பி. கோப்பு. வண்டிக் கூலி கிடையாது, யாரும் முதலெழுத்து கேக்கலை.